மின்சார வண்டியும் மாலை ஏழு மணியும்

மின்சார வண்டிகள் வந்துவிட்டன. வருமா, வராதா என்று இனி வாதாடிக் கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் வட்டாரத்திலேயே அவை உற்பத்தியாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் கம்பெனி, 2025 ஜனவரியில் கிரெட்டா காரின் மின்சார வடிவத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2023 மே மாதத்தில் இதே கம்பெனி மாநில சர்க்காருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1,78,000 பாட்டரித் தொகுப்புகளைப் பூட்டும் பிரிவும், நெடுஞ்சாலைகளில் 100 சார்ஜ் நிலையங்களும் இடம் பெற்றுள்ளன. ஓசூரிலும், போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின.

இவை வரவேற்க வேண்டிய விஷயங்கள். புகை குறைகிறது, வெளிநாட்டு எண்ணெய்க்குச் செலவாகும் அன்னியச் செலாவணி மிச்சமாகிறது. ஆனால் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த வண்டிக்கு ஏறும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது? வழியில் எவ்வளவு வீணாகிறது? அதற்கான டிரான்ஸ்பார்மருக்கும் கம்பிக்கும் பணம் கொடுப்பது யார்? லாபத்தை எடுத்துக்கொண்டு போவது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் காணாமல், வண்டியை மட்டும் விற்றுக்கொண்டே போனால் என்ன நடக்கும்? வண்டி வாங்காத ஏழை வீட்டிலும் மாலையில் விளக்கு மங்கும், கட்டணம் உயரும். இதைத்தான் இந்த வாரம் நாம் பேச விரும்புகிறோம்.

சூடாய்ப் போகும் மின்சாரம்

மீட்டரில் ஓடும் யூனிட் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. கம்பியில் வருவது மாறுதிசை மின்சாரம்; பாட்டரிக்குத் தேவை நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சார்ஜரில் ஒரு பகுதி சூடாகிப் போகிறது. வீட்டுக் கம்பியில் ஒரு பகுதி போகிறது. பாட்டரிக்குள் ஏறும்போதும், பின்னர் இறங்கும்போதும் ஒரு பகுதி போகிறது. காரானால், ஏற்றும் நேரம் முழுவதும் அதன் கணிப்பொறியும், குளிர்விக்கும் பம்பும் விழித்துக்கொண்டு இருப்பதால் அவற்றுக்கும் ஒரு பங்கு போகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் நூறு யூனிட்டில் பத்து முதல் இருபது வரை வழியிலேயே கரைந்துவிடுவது சாதாரணம்.

இந்த நஷ்டம் மாற்ற முடியாத விதியல்ல. எப்படி ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்குத் தக்கபடி ஏறுகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஐந்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டியதை இரண்டரை மணியில் ஏற்றினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஒவ்வொரு நிமிஷமும் சூடாகும் நஷ்டம் நாலு மடங்காகும். நேரம் பாதியானபடியால் முடிவில் கம்பியின் நஷ்டம் இரட்டிப்பாக நிற்கும். ஆகவே அவசரத்துக்கு ஒரு விலை உண்டு.

அதற்காக, எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு காரின் கணிப்பொறியும் பம்பும் 300 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக் கொள்வோம். வீட்டு பிளக்கில் 2,300 வாட் வேகத்தில் ஏற்றினால், இந்த 300 வாட் சுமார் 13 சதவீதம். தனிச் சார்ஜர் பொருத்தி 7,000 வாட் வேகத்தில் ஏற்றினால் அதே 300 வாட் 4 சதவீதத்துக்கு மேல் சொற்பமே. ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஆடாக் நடத்திய சோதனைகளிலும், சாதாரண வீட்டு பிளக்கில் ஏற்றும்போது நஷ்டம் அதிகம் என்றே தெரிய வந்தது. ஸ்கூட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்குச் சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக்கே போதும். காருக்கு நடுத்தர வேகம். பஸ்ஸுக்குப் பணிமனையில் தனி ஏற்பாடு. அதி வேகச் சார்ஜ், நெடுந்தூரம் போகிறவனுக்கும், நாள் முழுவதும் சாமான் கொண்டு கொடுத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கும் தேவை. மற்றவர்களுக்கு அது தேவையல்ல, விளம்பரத்தின் ஆசைகாட்டல்தான்.

நிலக்கரியா, வெயிலா?

மின்சார வண்டி புகையே விடாது என்று விளம்பரம் சொல்கிறது. வண்டி விடாது என்பது உண்மை. ஆனால் எண்ணூரிலும், மேட்டூரிலும், தூத்துக்குடியிலும் உள்ள அனல் நிலையத்தின் புகைபோக்கி விடுகிறதே, அது யார் கணக்கில் சேரும்?

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். அனல் நிலையம் நிலக்கரியின் சக்தியில் சுமார் 35 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. நெடுந்தூரக் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று கொள்வோம். ஏற்றி இறக்குவதில் 15 சதவீதமும், மோட்டாரிலும் ஓட்டத்திலும் இன்னொரு 15 சதவீதமும் போகட்டும். கடைசியில் சக்கரத்துக்குக் கிடைப்பது நூற்றுக்கு 23 பங்கு. நல்ல பெட்ரோல் எஞ்சின் கொடுப்பதும் ஏறக்குறைய இந்த அளவுதான். அதாவது, முழுக்க முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் வண்டியால் நகரத்துத் தெருவில் புகை குறையும். தேசத்தின் எரிபொருள் கணக்கில் பெரிய மிச்சம் இருக்காது.

அதே வண்டி வெயிலிலும் காற்றிலும் பிறந்த மின்சாரத்தை எடுத்தால் கதையே வேறு. அப்போது சூளையில் எரிவதற்கு ஒன்றுமில்லை. கம்பியில் போடும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிச் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய மின்சாரத்தின் திறன் 2025-ல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. நடுப்பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வருகிறது. எடுக்க ஆளில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதாகப் பல ஆண்டுகளாகப் புகாரும் வழக்கும் இருந்து வருகின்றன. மாலை ஆறு மணி தாண்டினால் சூரியன் கைவிட்டு விடுகிறது. அப்போது நிலக்கரியும், நீரும், வெளிச் சந்தையும்தான் கதி.

ஆகவே மின்சார வண்டி நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு வண்டியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏற்றிய வண்டி வேறு. மாலை ஏழு மணிக்கு ஏற்றிய வண்டி வேறு.

யூனிட் சிறிது, உச்சம் பெரிது

"மின்சார வண்டிகளுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டுவிடப் போகிறது? கடலில் கரைத்த பெருங்காயம்" என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. மறுபாதியைப் பார்ப்போம்.

நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். மாநிலத்தில் இப்படி 10 லட்சம் ஸ்கூட்டர்கள் ஓடுவதாகக் கணக்குக்காக வைத்துக் கொள்வோம். நாளைக்கு 10 லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்தது. அதோடு ஒப்பிட்டால் இது நானூற்றைம்பதில் ஒரு பங்கு. பெருங்காயம்தான்.

ஆனால் இந்த 10 லட்சம் பேரும் வேலை முடிந்து வீடு திரும்பி, மாலை ஏழு மணிக்கு ஒரே சமயத்தில் பிளக்கைச் செருகினால்? ஒரு சார்ஜர் 750 வாட் இழுத்தாலும் மொத்தம் 750 மெகாவாட் ஆகிறது. 2024 மே 2-ந் தேதி மாநிலம் கண்ட உச்ச தேவை 20,830 மெகாவாட். அதில் இது 3.6 சதவீதம். யூனிட் கணக்கில் நூற்றில் கால் பங்கு கூட இல்லாதது, உச்ச நேரக் கணக்கில் மூன்றரை பங்குக்கு மேல் வந்து நிற்கிறது! அதே 10 லட்சம் யூனிட்டைப் பத்து மணி நேரத்தில் பரப்பி எடுத்தால் 100 மெகாவாட் போதும். ஒரே வேலை, ஒரு வழியில் 100, இன்னொரு வழியில் 750.

உச்ச நேரத்து மின்சாரம் எவ்வளவு விலை? மின்சாரச் சந்தையில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்ற உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் உள்ளது. தட்டுப்பாடான மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொட்டு நிற்கிறது. வெயில் நேரத்திலோ இரண்டு, மூன்று ரூபாய்க்கு இறங்குகிறது. யூனிட்டுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம் என்று கொண்டால், மேலே சொன்ன 10 லட்சம் யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு 70 லட்சம் ரூபாய். இந்தப் பணத்தை வண்டிக் கம்பெனி கொடுக்காது. மின்சார நிறுவனம் முதலில் கொடுக்கும்; பிறகு கட்டண உயர்வாக நம் எல்லோரிடமும் வாங்கும்.

டிரான்ஸ்பார்மர் சொல்லும் கதை

மாநில உச்சத்தை விட முதலில் வலிக்கப் போவது தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு. 100 கிலோவோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அது சுமார் 90 கிலோவாட் தாங்கும். அதன் கீழ் நூறு ஸ்கூட்டர்கள் ஒரே சமயத்தில் ஏறினால் 75 கிலோவாட் அதற்கே போய்விடும். விசிறிக்கும், விளக்குக்கும், மிக்சிக்கும் மிஞ்சுவது 15 கிலோவாட்.

இதோடு முடியவில்லை. ஸ்கூட்டர் சார்ஜர்கள் ஒற்றை பேஸ் சாதனங்கள். மூன்று பேஸ்களில் ஒன்றின் மேலேயே பாரம் குவிந்தால் நியூட்ரல் கம்பி சூடாகிறது; அந்த பேஸில் உள்ள வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்குகிறது. கம்பியின் வால் பக்கத்தில் உள்ள வீட்டில் விசிறி ஊர்கிறது. மட்டமான சார்ஜர்கள் மின்சார அலையைச் சிதைத்து, டிரான்ஸ்பார்மரை மேலும் சூடாக்குகின்றன. கோடை இரவில் டிரான்ஸ்பார்மர் ஆறுவதற்கு நேரமில்லாமல் போனால் எண்ணெய் கொதித்து, பியூஸ் போகும். நடு இரவில் கம்பத்தில் ஏறுகிறவன் மின்சாரத் தொழிலாளி. காலியிடங்களை நிரப்பாமல், ஒப்பந்த ஆட்களைக் கொண்டு ஓட்டப்படும் பிரிவு அலுவலகங்களில், அந்த ஆபத்தும் அவன் தலையில்தான் விழுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இந்த முரண்பாடு கண்கூடு. தொழிற்சாலைகளுக்கு உயர் அழுத்தக் கம்பி நேராக வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையமே இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள் குடியிருக்கும் வாடகை அறைகளுக்கு வருவது கிராமத்துத் தாழ்வழுத்தக் கம்பி. பத்து வீடுகள் இருந்த மனைகளில் நூறு அறைகள் எழும்பிவிட்டன. ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து, வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு ஒரு விலை வாங்குகிறார். அந்த அறையில் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட அனுமதி கிடையாது. கிடைத்தாலும், மாடிப்படியின் கீழ் ஒட்டுப் போட்ட ஒயரில்தான். இது வெறும் வசதிக் குறைவல்ல, தீவிபத்துக்கு வழி.

வல்லம் வடகாலில் என்ன செய்யலாம்?

சிப்காட் தொழிற்பேட்டை உள்ள வல்லம் வடகாலை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 2017-ல் ராயல் என்பீல்ட் தன் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது. 2024 ஆகஸ்டில், 706.5 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான சிப்காட் குடியிருப்பு இங்கே திறக்கப்பட்டது. சுற்றிலும் ஒரகடம், மாத்தூர், சுங்குவார்சத்திரம். ஷிப்டு மாறும் வேளையில் இந்தச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பெனி பஸ்கள் வரிசை வரிசையாக நிற்கும். பெரும்பாலும் டீசல்.

இந்தப் பஸ்களின் நாள் எப்படிக் கழிகிறது? விடியற்காலையில் ஆட்களை ஏற்றி வருகின்றன. இரவு ஷிப்டை இறக்கிவிட்டு வருகின்றன. பிறகு, பிற்பகல் ஷிப்டு வரை சும்மா நிற்கின்றன. காலை ஒன்பது மணி முதல் பகல் இரண்டு மணி வரை. சூரிய மின்சாரம் பொங்கி வழியும் அதே நேரம்! இயற்கையும், தொழிற்சாலைக் கடிகாரமும் இவ்வளவு பொருத்தமாக அமைந்த இடம் வேறு எது?

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஷிப்டு பஸ் நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் எடுக்கிறது என்று கொண்டால் 150 யூனிட் தேவை. ஐந்து மணி நேரம் நிற்கிறது. 30 கிலோவாட் வேகத்தில் நிதானமாக ஏற்றினால் போதும். நூறு பஸ்களுக்கு 3 மெகாவாட். அதுவும் பகலில். இதே நூறு பஸ்களையும் இரவு எட்டு மணிக்கு, 120 கிலோவாட் வேகச் சார்ஜரில் ஒரே நேரத்தில் மாட்டினால் 12 மெகாவாட். அதுவும் உச்ச நேரத்தில். எது தேசத்துக்கு நல்லது என்று சொல்லப் பெரிய நிபுணர் தேவையில்லை.

ஸ்கூட்டருக்கும் இதுவே நியாயம். பகல் ஷிப்டுத் தொழிலாளியின் வண்டி எட்டு மணி நேரம் தொழிற்சாலை வாசலில் நிற்கிறது. அங்கே ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் வைத்தால் போதும். கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். வண்டிகள் நிற்கும் கொட்டகையின் மேல் சூரியத் தகடு போட்டால், மின்சாரம் நெடுந்தூரக் கம்பியில் பயணம் செய்து வீணாவதும் மிச்சம். வாடகை அறையின் ஒட்டு ஒயரும் மிச்சம். கிராமத்து டிரான்ஸ்பார்மரும் பிழைக்கும்.

கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2019-ல் தன் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தியது. விதி காகிதத்தில் இருக்கிறது. அலுவலக மாளிகைகளில் அதிகாரிகளின் காருக்கு இந்த வசதி செய்யப்படுகிறது. தொழிற்சாலை வாசலில், அதுவும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஸ்கூட்டருக்கு, யார் செய்வது? சிப்காட் சர்க்காரின் நிறுவனம். மலிவு விலைக்கு நிலம் கொடுக்கிறது, சாலை போடுகிறது, தண்ணீர் தருகிறது. சலுகை பெறும் கம்பெனிகளிடம் இந்தச் சிறு நிபந்தனையை விதிக்க அதற்கு உரிமை இல்லையா?

விலை யார் தலையில்?

மத்திய சர்க்கார் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் முறையை 2023 ஜூனில் விதியாகக் கொண்டு வந்தது. வெயில் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் தொழில், வியாபாரங்களுக்குக் குறைந்தது 20 சதவீதமும், மற்றவர்களுக்குக் குறைந்தது 10 சதவீதமும் கூடுதல். விவசாயம் தவிர எல்லோருக்கும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் இது அமலாகும் என்பது விதி. 2024 செப்டம்பரில் வந்த சார்ஜ் நிலைய வழிகாட்டுதலில், காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் வாங்கலாம் என்று சொல்லப்பட்டது.

சார்ஜ் நிலையத்துக்கு இந்த முறையில் நியாயம் உண்டு. வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவதை ஒத்திப் போடலாம். ஆனால் மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றுவதை ஒத்திப் போட முடியுமா? குழந்தை படிப்பதை நள்ளிரவுக்கு மாற்ற முடியுமா? ஷிப்டு முடிந்து வந்த பெண் சமைப்பதை மறுநாள் பகலுக்குத் தள்ள முடியுமா? ஒத்திப் போடக் கூடியதற்கும், கூடாததற்கும் ஒரே சாட்டையை வீசுவது அநியாயம். உச்ச நேரக் கூடுதல் கட்டணம் வண்டிச் சார்ஜுக்கு மட்டும் இருக்கட்டும். வீட்டு விளக்கையும், விசிறியையும் தொடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று 2016 முதல் இருந்து வரும் சலுகைக்கும் இந்தச் சாக்கில் ஊறு நேரக் கூடாது.

பொது இடங்களில் நிலைமை என்ன? சார்ஜ் நிலையம் நடத்த லைசென்ஸ் தேவையில்லை, அது மின்சார விற்பனை அல்ல, சேவைதான் என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அறிவித்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். திறப்பதில் தவறில்லை. ஆனால் விளைவு என்ன? லாபம் அதிகமான நெடுஞ்சாலையிலும், பணக்காரப் பேட்டையிலும் நிலையங்கள் முளைக்கின்றன. ஸ்கூட்டர்க்காரர்கள் வாழும் பேட்டைகளில் இல்லை. சேவை என்று பெயர் வைத்ததற்கு இன்னொரு பலனும் கிடைத்தது. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அதே மின்சாரத்தை வண்டிக்கு ஏற்றிக் கொடுத்தால் 18 சதவீதம் என்று 2023-ல் கர்னாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. வீட்டில் கார் நிறுத்த இடமும் தனிச் சார்ஜரும் உள்ள சீமானுக்கு வரி இல்லை. ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்து, தெருமுனை நிலையத்தை நம்பும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு வரி! இந்த விசித்திர நீதியை என்னவென்று சொல்வது?

ஒவ்வொரு கம்பெனியும் தன் ஸ்கூட்டருக்குத் தனித் தனிப் பிளக் வைத்திருப்பது மற்றொரு அக்கிரமம். ஒருவன் நிலையத்தில் இன்னொருவன் வண்டி ஏறாது. பத்து இயந்திரம் போதுமான இடத்தில் முப்பது வேண்டியிருக்கிறது. சிறு வண்டிகளுக்கான பொதுப் பிளக் ஒன்றை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2023-ல் அங்கீகரித்தது. அதைக் கட்டாயமாக்கத்தான் மனம் வரவில்லை.

வெளிநாடுகள் கற்ற பாடம்

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த பிரச்னை அல்ல. பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் அமலில் உள்ள சட்டப்படி, வீடுகளுக்கும் வேலையிடங்களுக்கும் விற்கும் சார்ஜர்கள் வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும், மாலை 4 முதல் இரவு 10 வரையும் தாமாக ஏற்றாதபடி முன்கூட்டியே அமைக்கப்பட வேண்டும். தேவைப்பட்டவர் அதை மாற்றிக் கொள்ளலாம். இன்னொரு புத்திசாலித்தனமான ஏற்பாடும் உண்டு. மலிவு நேரம் தொடங்கிய அதே நிமிஷத்தில் லட்சம் சார்ஜர்கள் விழித்தால் புதிய உச்சம் பிறந்துவிடும் அல்லவா? அதனால் ஒவ்வொரு சார்ஜரும் பத்து நிமிஷம் வரை முன்பின்னாகத் தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவுக்குள் தன் 16,000-க்கு மேற்பட்ட பஸ்கள் அனைத்தையும் மின்சாரமாக்கிவிட்டது. சர்க்கார் திட்டமிட்டுச் செய்ததால் அது முடிந்தது. கடைக்குக் கடை விளம்பரப் பலகை வைத்ததால் அல்ல.

வாரியம் எதற்காகப் பிறந்தது?

1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் பிறந்தபோது அதன் முன் இருந்த வேலை என்ன? லாபம் தரும் நகரங்களுக்கு மட்டும் விளக்குப் போடுவதல்ல. லாபம் தராத கிராமத்துக்கும் கம்பி இழுப்பது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் தருவது. தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் கம்பம் நின்றது அப்படித்தான். அந்த வாரியம் 2010-ல் பிரிக்கப்பட்டது. 2024-ல் மறுபடியும் பிரிக்கப்பட்டு, விநியோகத்துக்குத் தனிக் கழகம் வந்துள்ளது. எத்தனை துண்டாக்கினாலும் வேலை ஒன்றுதான்: எல்லோருக்கும், நியாய விலையில், நல்ல மின்சாரம்.

வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவது இன்றைய கிராம மின்மயம். இதைப் பொதுத்துறை கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்பார்மரும், கம்பியும், ஆளும் பொதுமக்கள் பணத்தில். விற்பனைக் கூடமும் லாபமும் தனியார் கையில் என்ற பாகப்பிரிவினையை நாம் ஏற்க முடியாது. மத்திய சர்க்கார் 2024-ல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜ் நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் எந்தப் பேட்டைக்குப் போகிறது என்று மக்கள் கேட்க வேண்டும்.

பஸ் விஷயத்திலும் அப்படியே. சென்னையின் மின்சார பஸ்கள் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியின் பொறுப்பு, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். பஸ் மின்சாரமானது நல்லது. போக்குவரத்துக் கழகத்தின் கையிலிருந்து சக்கரம் நழுவுவது நல்லதல்ல.

நமது கோரிக்கைகள்

மாநில சர்க்காரையும், மின் விநியோகக் கழகத்தையும், சிப்காட் நிர்வாகத்தையும் நாம் வற்புறுத்துவது இவை:

1. சிப்காட் பேட்டைகளில் உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையும், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர் என்ற பேதமில்லாமல், வண்டி நிறுத்துமிடத்தில் பகல் நேரச் சார்ஜ் வசதி செய்து தர வேண்டும். அடக்க விலைக்கு மேல் வாங்கக் கூடாது.

2. ஒரகடம்-ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஷிப்டு பஸ்களைப் படிப்படியாக மின்சாரமாக்கி, பகலில் ஏற்றுவதற்குப் பொதுப் பணிமனைகளைச் சிப்காட்டே அமைக்க வேண்டும். டிரைவர்களின் வேலை பறிபோகக் கூடாது.

3. தொழிலாளர் வாழும் கிராமங்களின் டிரான்ஸ்பார்மர்களைக் கணக்கெடுத்து, பாரம் ஏறும் முன்பே வலுப்படுத்த வேண்டும். மின்வாரியத்தின் களப்பணிக் காலியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

4. உச்ச நேரக் கூடுதல் கட்டணம் வண்டிச் சார்ஜுக்கு மட்டுமே. வீட்டு உபயோகத்துக்குக் கூடாது.

5. எல்லா ஸ்கூட்டர்களுக்கும் ஒரே பிளக்கைக் கட்டாயமாக்க வேண்டும். பொது நிலையங்களின் சார்ஜ் மீது ஜி.எஸ்.டி. கூடாது.

6. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சார்ஜரும் நேரம் குறித்து ஏற்றும் வசதியுடனும், தர முத்திரையுடனும் வர வேண்டும். நூறு யூனிட்டில் எத்தனை பாட்டரிக்குள் போகும் என்பதை வண்டியின் மேல் எழுதி விற்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் ஆகாத காரியம் அல்ல. வெயில் நம்முடையது, கம்பி நம்முடையது, வண்டியைச் செய்யும் கைகளும் நம்முடையவை. கார் செய்யும் தொழிலாளி, தன் ஸ்கூட்டருக்கு ஒரு பிளக் கிடைக்காமல் அலைகிறான் என்றால் அது இயற்கையின் குற்றமல்ல. திட்டமில்லாத ஏற்பாட்டின் குற்றம்.

தொழிற்சங்கங்கள் அடுத்த முறை நிர்வாகத்திடம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கும்போது, சம்பளம், பஞ்சப்படி, கேன்டீன் என்ற வரிசையில் வாசலில் ஒரு பிளக் என்பதையும் சேர்த்துக் கொள்ளட்டும். கிராம சபைகள் தங்கள் டிரான்ஸ்பார்மரின் கணக்கைக் கேட்கட்டும். மின்சாரத் தொழிலாளர்களும், ஆலைத் தொழிலாளர்களும், வண்டியே இல்லாத சாதாரண ஜனங்களும் இதில் ஒரே பக்கம் நிற்க முடியும், நிற்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் வெடித்த பிறகு கூடிப் பேசுவதை விட, இப்போதே பேசித் தீர்ப்பது நல்லது.